வாடைக்காற்றில் முட்டையிடும் கோழி எது?

மாசியில் கூடை நிறைய முட்டை, கார்த்திகையில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட்டம். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இதே கதைதான். கோழி வளர்க்கிற வீட்டுக்காரி கடையில் வந்து முட்டை கேட்டால் கடைக்காரர் சிரிக்கத்தான் செய்வார், அவர் மேல் தப்பில்லை. வீட்டில் ஆறு பேர்: அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு. ஒரு நாளைக்கு நான்கு முட்டை கிடைத்தால் எங்களுக்குத் தாராளம். அந்த நான்கும் ஐப்பசியிலிருந்து தை வரை தடையில்லாமல் வர எந்தக் கோழியை வைப்பது, அதை எப்படி அடைப்பது என்று நாங்கள் போட்ட கணக்கையும் பட்ட பாட்டையும்தான் எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறோம். மணல் தரை, சுற்றிலும் பனை, கொஞ்சம் தென்னை, வேலிக்கு அந்தப் பக்கம் உடை மரமும் சீமைக்கருவேலமும். இந்த மாதிரி இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தும். கரிசல் காட்டுக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிர் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் நாங்கள் ஏமாந்ததே அதில்தான். என் நாத்தனார் கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிறார். அங்கே பனிக்காலத்தில் கோழி வளர்ப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாக அனுப்புவார். கோழி குடிக்கிற தண்ணீர் கட்டியாக உறைந்துவிடும், கொண்டை நுனி குளிரில் கருகிப்போகும், அதற்கு வாசலின் தடவுவார்கள், தரையில் ஒரு முழத்துக்கு மரச்சீவல் பரப்புவார்கள், இன்னும் என்னென்னவோ. என் வீட்டுக்காரர் அதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ராமநாதபுரம் போனபோது நூறு வாட் பல்பு ஒன்றை வாங்கி வந்துவிட்டார், கூட்டில் மாட்ட வேண்டுமாம், கோழிக்குக் குளிருமாம்.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. அதற்கு மேல் இறகுச் சட்டை வேறு போட்டிருக்கிறது. பாம்பன் பக்கம் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குப் போர்வை தேடத் தோன்றும், கோழிக்கு அது இதமான சூடு. நம் ஊர்க் கோழிக்கு எமன் சித்திரை வெயில்தானே தவிர மார்கழிப் பனி இல்லை. அப்படியானால் கார்த்திகையில் முட்டை ஏன் குறைகிறது? ஈரம். நம் மாவட்டத்தின் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது, கூடவே வாடைக்காற்று. இறகு நனைந்தால் அந்தச் சட்டை இருந்தும் பிரயோஜனமில்லை, நனைந்த கோழி மேல் வாடை அடித்தால் 25 டிகிரியிலும் அது வெடவெடக்கும். தின்ற இரையெல்லாம் உடம்புச் சூட்டுக்கே போய்விடும், முட்டைக்கு மிச்சம் இருக்காது. ஆகவே நாங்கள் தேடியது குளிர் தாங்குகிற கோழியை இல்லை, நனையாமல் தப்பிக்கத் தெரிந்த கோழியை. இது புரிவதற்கே எங்களுக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

எங்கள் முன்னால் இருந்தவை மூன்று: சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி, கிராமப்ரியா, பண்ணை வெள்ளைக்கோழி. கருங்கோழி என்கிற கடக்நாத்தையும் கொழுந்தனார் இழுத்துப் பார்த்தார். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது, எல்லாம் சரி. ஆனால் வருடத்துக்கு நூறு முட்டையைத் தாண்டுவதே பெரிய பாடு, குஞ்சு விலையோ கேட்கவே வேண்டாம். கறிக்கு வளர்ப்பவர்கள் வளர்க்கட்டும். முட்டைக்கு வேண்டாம் என்று அன்றே முடித்துவிட்டோம்.

சிறுவிடை என்பது அத்தையின் கட்சி. அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லிக்கொள்வார். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான் எடை, காலில் சக்கரம் கட்டியது மாதிரி ஓடும், பருந்து நிழல் தரையில் விழுந்த உடனே குஞ்சோடு கள்ளிப் புதருக்குள் போய்விடும். தீவனச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஒரு கை நொய், சாயந்திரம் ஒரு கை, மற்றதெல்லாம் அதுவே கிண்டிப் பொறுக்கிக்கொள்ளும். மழை மேகம் கூடும்போதே ஒதுங்குகிற புத்தி அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

குறை முட்டைக் கணக்கில்தான். ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து வைக்கிற ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. அதோடு அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தோரு நாள் அடை, அப்புறம் குஞ்சோடு இரண்டு மாசம் திரிச்சல். வருடத்துக்கு நாலு ஈடு என்று வைத்தாலும் ஐம்பது, அறுபது முட்டைக்கு மேல் போகாது. எங்களுக்கு வேண்டியது வருடத்துக்கு 1460. அறுபதால் வகுத்தால் இருபத்துநாலு பெட்டை! இருபத்துநாலு கோழி எங்கள் கொல்லையில் நின்றால் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி என்ன ஆகும், அந்த வீட்டு அக்கா என்ன சொல்வார் என்று யோசித்தேன், அத்தைக்கும் அது தெரியும், அவர் பேச்சை மாற்றிவிட்டார். அடையைத் தெளியவைத்தால் சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வரும் என்பது உண்மைதான். தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகு செருகுவார்கள். மழைக்காலத்தில் கோழியைத் தண்ணீரில் முக்குவது பாவம் மட்டும் இல்லை, வம்பும்கூட. அடியில் காற்று போகிற மாதிரி கம்பிவலைக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் விட்டாலே வயிற்றுச் சூடு ஆறி அடை தெளிந்துவிடும். எப்படிச் செய்தாலும் கார்த்திகையில் சிறுவிடையை மட்டும் நம்பி ஆம்லெட் கனவு காண முடியாது. அந்த நேரத்தில் பாதிக்கு மேல் இறகு உதிர்த்துக்கொண்டு நிற்கும்.

கிராமப்ரியா ஹைதராபாத்தில் இருக்கிற மத்தியக் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கோழி. அதே இடத்தில் வந்த வனராஜா கனத்த கோழி, முட்டை நூறு நூற்றுப்பத்துதான், கறிக்கும் முட்டைக்கும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு அது. முட்டைக்கு மட்டும் என்றால் கிராமப்ரியாதான், 72 வார வயசுக்குள் 200 முதல் 230 முட்டை என்று கணக்கு. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியையும் இந்த வரிசையில் சேர்க்கலாம், குஞ்சு கிடைத்தால் வாங்கலாம். கிராமப்ரியா முட்டை பழுப்பு நிறம், கடை முட்டையின் பருமன். நாட்டு முட்டை மாதிரி இருப்பதால் விற்கவும் லேசு (சிலர் நாட்டு முட்டை என்றே விற்கிறார்கள், அது அவரவர் மனசாட்சி).

அந்த 230 பண்ணைத் தீனி போட்டால் வருகிற எண்ணிக்கை. கொல்லையில் மேய்த்து, கூடவே தலைக்கு அறுபது கிராம் தீவனம் கொடுக்கிற எங்களுக்கு ஒரு பெட்டை வாரத்துக்கு நாலு முட்டை வைத்தது. அதற்கே ஆறு பெட்டை இருந்தால் நாளைக்கு மூன்றரை முட்டை ஆகிறது. தீவனம் கிலோ முப்பத்தைந்து ரூபாய் என்று வைத்தால் முட்டைக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. குஞ்சு விலை, கூட்டுச் செலவு இதில் சேராது, சேர்த்தால் முதல் வருடம் கடை முட்டைதான் மலிவு என்று மாமா சொல்வார், அது சரிதான்.

இதன் குறை, அடை உட்காராது. குஞ்சு வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் வெளியில் வாங்க வேண்டும். சிறுவிடையை இதன் முட்டை மேல் உட்காரவைத்துப் பொரிக்கலாமே என்று தோன்றும். பொரிக்கும், நாங்களே செய்தோம். ஆனால் கிராமப்ரியா கலப்புக் கோழி, அடுத்த தலைமுறையில் தாயின் முட்டைத் திறன் அப்படியே இறங்காது. வந்த குஞ்சுகள் பார்க்க நன்றாக வளர்ந்தன, முட்டை மட்டும் குறைச்சல்.

குஞ்சு வாங்குவதில் ஒரு அனுபவம். தெருவில் வேனில் வந்த ஒரு வியாபாரி கிராமப்ரியா என்று சத்தியம் செய்து பத்துக் குஞ்சு கொடுத்தார். நாலு மாசத்தில் எட்டு கூவ ஆரம்பித்தது. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடத்தில் சேவல் குஞ்சுகள் வேண்டாத சரக்கு, அவைதான் சாயம் பூசியும் பூசாமலும் தெருவுக்கு வருகின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. காலையில் நாலு மணிக்கு எட்டுச் சேவலும் ஒன்றுக்கொன்று பதில் கூவும்போது என் வீட்டுக்காரர் தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொள்வார். அந்தத் தீபாவளிக்குக் கறிக்குப் பஞ்சமில்லை, அது வேறு விஷயம். குஞ்சை அரசுப் பண்ணையிலோ தெரிந்த பொரிப்பகத்திலோ பதிவு செய்து வாங்குங்கள், ஒரு மாசக் குஞ்சாக வாங்கினால் இன்னும் நல்லது. ஒரு நாள் குஞ்சு மலிவுதான், ஆனால் முதல் வாரம் 35 டிகிரி சூடு கொடுக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும், கரண்ட் போகிற ராத்திரியில் குஞ்சுக்குக் காவல் உட்கார வேண்டும்.

வெள்ளைக்கோழிக்கு வருகிறேன். நாமக்கல் பண்ணைகளில் வருடத்துக்கு முந்நூறு முட்டை வைக்கிற லெகார்ன் வகை. முட்டை குறைய ஆரம்பித்ததும் பண்ணையில் கழித்துவிடுவார்கள், அவை லாரியில் கறிக்கு வரும். 2024 புரட்டாசியில் அப்படி ஐந்து கோழியை மலிவாக வாங்கினோம். கணக்குப்படி பார்த்தால் அது லாட்டரி மாதிரி. குஞ்சு வளர்க்கிற தொல்லை இல்லை, மறுவாரமே நாளைக்கு மூன்று முட்டை. மாத காலண்டரில் நான் பென்சிலால் குறித்த எண்கள் இன்னும் இருக்கின்றன, 3, 3, 2, 4, 3. என் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. தீனிதான் கொஞ்சம் உதைத்தது, ஒரு கோழி நாளைக்கு நூற்றுப்பத்து கிராம் தின்னும். வெளியே விட்டாலும் மேயாது. மேய முடியாது என்பதுதான் சரி, பண்ணையில் மூக்கு நுனியை வெட்டிவிடுகிறார்கள், அந்த மூக்கால் மண்ணைக் கிளறிப் பூச்சி பொறுக்க முடியவில்லை. தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

நவம்பர் 20. அந்த நாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் வெள்ளக்காடு. எங்கள் கொல்லை மணல் தரை, எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும் என்று நினைத்திருந்தோம். அன்று குடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பின்வாசலைத் திறந்து பார்த்தால், சிறுவிடை ஐந்தும் வேப்ப மரத்துக் கவட்டையில் வரிசையாக, தலையை இறகுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கிராமப்ரியா அப்போது மூன்றுதான், ஒன்று துணி துவைக்கிற கல் மேல், ஒன்று கவிழ்த்த உரல் மேல், ஒன்று விறகு அடுக்கில். வெள்ளைக்கோழி ஐந்தும் கூட்டு வாசலுக்கு நேராகத் தண்ணீரில் நிற்கின்றன. கூட்டுக்குள் தண்ணீர், வெளியிலும் தண்ணீர், நகர வேண்டும் என்றே தோன்றவில்லை அவற்றுக்கு. அந்தப் பெரிய கொண்டை நனைந்து ஒரு கண்ணை மூடித் தொங்குகிறது, மார்பு வரை தண்ணீர், ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, கத்தவாவது செய்திருக்கலாம்.

அத்தை தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு இறங்கி, அக்குளுக்கு ஒன்றாக இரண்டு இரண்டாகத் தூக்கி வந்தார். "ஏத்தா, இதுக்கு நிக்க மட்டுந்தான் சொல்லிக் குடுத்துருக்காக" என்றார். அடுப்படியில் சாக்கு விரித்து, பழைய வேட்டியால் துடைத்து, மிளகு மஞ்சள் போட்ட வெதுவெதுப்பான கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு போய்விட்டன. மிச்சம் இரண்டும் தை வரை ஒரு முட்டை வைக்கவில்லை. அதே வாரத்தில் அந்த மூன்று கிராமப்ரியாவும் நாலு நாள் நிறுத்திவிட்டு ஐந்தாம் நாள் ஆரம்பித்துவிட்டன. வெள்ளைக்கோழியைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கூண்டு, கூரை, மின்விளக்கு, அளந்த தீனி, இதெல்லாம் இருக்கிற இடத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் கொல்லை அதற்கான இடம் இல்லை, அவ்வளவே.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, கோழியே வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம். சோம்பேறித்தனமாகத் தெரியும், ஆனால் யோசிக்க வேண்டிய வழிதான். கடை முட்டைக்கு எதிராக ஒரே ஒரு விஷயம், வடக்கே குளிர் ஏற ஏற அங்கே முட்டை அதிகம் போகும், கேக் சீசனும் சேர்ந்துகொள்ளும், நாமக்கல்லில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்கிற விலை கார்த்திகை மார்கழியில்தான் ஏறும். அதாவது நம் கோழி நிறுத்துகிற நேரம் பார்த்துக் கடையிலும் விலை கூடும். வெளியூர் வேலை, வீட்டில் பகலில் ஆள் இல்லை என்றால் யோசிக்காமல் கடைக்கே போங்கள்.

இனத்தைவிட முக்கியமான ஒன்றை நாங்கள் கடைசியில்தான் கற்றுக்கொண்டோம், கோழியின் வயசு. முதல் வருட விடைக்கோழி, அதாவது புதிதாக முட்டைக்கு வந்த இளம் பெட்டை, மழைக்காலத்தில் இறகு உதிர்க்காமல் வைத்துக்கொண்டே போகும், இரண்டாம் வருடக் கோழி அப்போதுதான் உதிர்க்கும். உதிர்க்கிற இரண்டு மூன்று மாசம் முட்டை கிடையாது, புது இறகுக்கே அதன் சத்தெல்லாம் போகிறது. கிராமப்ரியா முட்டைக்கு வர ஐந்தரை, ஆறு மாசம் ஆகும். சித்திரையில் பொரித்த குஞ்சு ஐப்பசியில் சரியாக வந்து நிற்கும். ஆடியில் ஆடித் தள்ளுபடி மாதிரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் தை வரை சும்மா தீனி போட வேண்டும். புரட்டாசிக்கு மேல் வாங்கினாலோ, மழையில் குஞ்சு, ரத்தக் கழிச்சல், தூக்கமில்லாத ராத்திரி. ஆகவே எந்தக் கோழி என்ற சண்டையில் பாதி, எப்போது வாங்குவது என்பதில் தீர்ந்துவிடும்.

பகல் வெளிச்சம் பற்றியும் கேட்பார்கள். டொராண்டோவில் டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, அங்கே விளக்குப் போடாவிட்டால் கோழி கடையை மூடிவிடும். பண்ணைகளில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். நமக்கு மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் வருகிறது, ஆனியோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம்தான் குறைச்சல். விடைக்கோழிக்கு அது போதும். வயசான கோழி வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் ஐந்து வாட் எல்.இ.டி. ஒன்றை விடியற்காலை நாலரையிலிருந்து எரியவிடலாம். சாயந்திரம் வேண்டாம், திடீரென்று அணைந்தால் பரண் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே உட்கார்ந்துவிடும், கீரிக்கு விருந்து. ஒரு வருடம் போட்டுப் பார்த்தோம். முட்டை ஒன்றிரண்டு கூடிய மாதிரி இருந்தது, விளக்குக்கு வந்த பூச்சியைத் தின்றதாலா வெளிச்சத்தாலா, யார் கண்டது. இப்போது போடுவதில்லை.

கூட்டுக்கு வருவோம். இங்கேயும் மூன்று வழி. தரையில் பனை ஓலைக் குடில், தகரக் கொட்டகை, கால் வைத்த கூடு. ஓலைக் குடில் செலவில்லாதது, வெயிலுக்குச் சொர்க்கம். ஆனால் தரை ஈரமானால் போச்சு. நவம்பரில் தண்ணீர் புகுந்தது அதில்தான். மணல்தானே, அள்ளிப் போட்டு உயர்த்தலாம் என்று கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டினோம், அது அதைவிட மோசம், அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு எப்போதும் சொதசொதவென்றே இருந்தது. குனிந்து கோழி தலை உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள், கண் எரிந்தால் அந்தக் கூடு ஆகாது. நின்றுகொண்டு மோந்தால் ஒன்றும் தெரியாது.

தகரம் என் வீட்டுக்காரருடைய யோசனை. கடல் காற்றில் இரண்டு மூன்று வருடத்தில் ஆணி ஓட்டையைச் சுற்றித் துரு தின்றுவிடும், சித்திரையில் அடுப்பு, மார்கழியில் ராத்திரிப் பனி தகரத்துக்கு அடியில் வேர்த்து விடியற்காலையில் கோழி முதுகில் சொட்டும். வேண்டாம்.

நாங்கள் கட்டியது கால் வைத்த கூடு. நாலடிக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். அடித்தளம் பனை வரிச்சு, வரிச்சுக்கு நடுவில் அரை அங்குல இடைவெளி, எச்சம் கீழே விழுந்துவிடும், அதைச் சுரண்டி முருங்கைக்கும் கத்தரிக்கும் போடுகிறோம். கூரைக்குத் தார்ப்பாய், அதன் மேல் ஓலை, தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு வெளியே இறங்கும். வடக்கும் கிழக்கும் வாடை அடிக்கிற பக்கம், அதை ஓலையால் நெருக்கமாக அடைத்துவிட்டோம். தெற்குப் பக்கம் முழுக்கக் கம்பிவலை, காற்றோட்டம் அங்கேதான். மேற்கில் கதவு. ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது கதவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் போதும். நாலு பக்கமும் மூடிவிட்டால் கதகதப்பாக இருக்கும் என்று அவர் சொன்னார், அது மனுசனுக்கு. மூடிய கூட்டில் கோழியின் மூச்சே ஈரமாகி இறங்கும். வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும், பெரிய கண்ணில் பாம்பு வரும், முட்டையை விழுங்கியபின் அந்த வழியில் வெளியே போக முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும், காலையில் கையை விட்டவள் நான். ஆசாரி கூலி சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது.

சிறுவிடைகள் மட்டும் இந்தக் கூட்டுக்கு வரமாட்டேன் என்றன. பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தே பழகியவை, இல்லாவிட்டால் மரம். ஒரு வாரம் சாயந்திரம் பிடித்துப் பிடித்து உள்ளே விட்ட பிறகுதான் வழிக்கு வந்தன.

தீனியில் மழைக்காலத்துக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மூட்டையாக வாங்காதீர்கள். இந்த ஈரக் காற்றில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தின்றுவிடும், கோழி இளைத்துக்கொண்டே போகும், காரணம் தெரியாது. பத்து நாளுக்கு வேண்டியதை வாங்கி மூடி போட்ட வாளியில் வைக்கிறோம். இரண்டாவது, கருவாடு. நம் பக்கம் மீனுக்குப் பஞ்சமில்லை, காரப்பொடி என்கிற பொடிமீனை உப்பில்லாமல் காயவைத்து இடித்துக் கொஞ்சம் கொடுத்தால் நல்ல புரதம். உப்புக் கருவாட்டின் மிச்சத்தைப் போட்டால் கோழிக்கு உப்பு விஷமாகிவிடும், தண்ணீராகக் கழியும், செத்தும் போகும். மீனே ஆனாலும் அளவு மிஞ்சினால் முட்டையில் கவிச்சி அடிக்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே, அதற்குக் கடையில் எதுவும் வாங்குவதில்லை. கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டைப் பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அதைத்தான். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, காயவைத்துக் கூட்டில் கட்டித் தொங்கவிட்டால் தானே கொத்திக்கொள்ளும்.

மழை விட்ட நாட்களில் கரையான் வேறு. பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் திணித்துத் தண்ணீர் தெளித்து வேலியோரம் கவிழ்த்துவிட்டால் காலையில் பானை நிறைய. மாமாவின் வேலை அது, அவர் பானையைத் தூக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டாலே கோழியெல்லாம் அவர் பின்னால் ஓடும். மஞ்சள் கரு சிவக்க முண்டு மிளகாய்த் தோலைத் தூவுவதும் அவர்தான். கோழிக்குக் காரம் உறைப்பதில்லை, சாயம் மட்டும் கருவில் ஏறிவிடும்.

நோய்க்கு நீட்டி எழுதவில்லை. வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பலிக்காது. பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாம் போடுவார்கள், அதை விடாதீர்கள். மழைக்காலத்தில் கொசு கூடினால் அம்மையும் கூடும், கொல்லையில் சிரட்டையில்கூடத் தண்ணீர் நிற்க விடக்கூடாது.

சரி, நாங்கள் எதில் வந்து நின்றோம்? கிராமப்ரியா ஆறு, சிறுவிடை இரண்டு, வெள்ளைக்கோழி இனிமேல் இல்லை. ஆறும் முட்டைக்கு, சிறுவிடை இரண்டும் அத்தைக்கு. அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் அந்த இரண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேகம் திரண்டால் அவை முதலில் கூட்டுக்கு ஓடுகின்றன, மற்றவை பார்த்துப் பின்னால் ஓடுகின்றன. நாம் போய் விரட்ட வேண்டியதே இல்லை. கிராமப்ரியாவில் வருடத்துக்கு மூன்றைக் கழித்து மூன்று புதிது வாங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம், அப்போதுதான் எந்த மழைக்காலத்திலும் பாதியாவது விடைக்கோழியாக இருக்கும். வீட்டில் மூன்று பேர்தான் என்றால் கிராமப்ரியா மூன்றும் சிறுவிடை ஒன்றும் போதும். முட்டையை விற்கவும் எண்ணம் இருக்கிறது, தினம் இரண்டு வேளை பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, நல்ல கூரையும் போட முடியும் என்றால் நீங்கள் வேறு கணக்குப் போட வேண்டும், அதற்கு நான் ஆள் இல்லை.

இந்த வருடத்து ஆறும் வைகாசியில் ஒரு மாசக் குஞ்சாக வந்தவை. இப்போது புரட்டாசி கடைசி, கொண்டை சிவந்துவிட்டது, இரண்டு நாளாக ஒன்று கேறிக்கொண்டே கூட்டைச் சுற்றி வருகிறது. நேற்று முதுகில் கை வைத்ததும் இறகை விரித்துக் குந்தியது. அத்தை ஒரு சிறுவிடை முட்டையைக் கூடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார், இடம் காட்டுவதற்காம். நூறு வாட் பல்பு அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது.